ஆண்டெனா பிடித்த அண்ணாச்சி

அருப்புக்கோட்டையில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த ராமசுப்பு அண்ணாச்சி வீட்டுக்கு டிவி வந்தது எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம். அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் பெட்டி. முன்னால் இழுத்துச் சாத்த மரக்கதவு, கதவுக்கு ஒரு பூட்டு, மேலே போர்த்த, அண்ணாச்சி மகள் கனகலட்சுமி பூ வேலை செய்த ஒரு துணி. மொட்டை மாடியில் கொடைக்கானல் திசையைப் பார்த்து ஆண்டெனா நின்றது. பெட்டி வந்த அன்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பார்த்தவள் ஒருத்திதான். மருமகள் முத்துலட்சுமி.

அவளும் மற்றவர்களோடு பார்க்கத்தான் உட்கார்ந்தாள். ஆனால் பெட்டிக்கு நேர் எதிரே நாற்காலியில் மாமனார், அவர் பக்கத்தில் பாயில் மாமியார் தங்கபுஷ்பம், சுவரில் சாய்ந்து புருஷன் இன்பராஜ், குப்புறப் படுத்துக்கொண்டு நாத்தனார் கனகலட்சுமி, எல்லாருக்கும் முன்னால் பெட்டியில் மூக்கு இடிக்கிற தூரத்தில் தன் மகள் சுவாதி. போதாக்குறைக்குத் தெருவிலிருந்து இருபது பேர். மருமகளுக்கு மிஞ்சியது பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு முழ இடம். அங்கே முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிப்பாள். அங்கிருந்து படம் தெரியாது. படம் பார்க்கிறவர்களின் முகம் தெரியும்.

அந்த முகங்கள் அவளுக்கு அலுக்கவே இல்லை. மாமனாருக்கு ஹிந்தி ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் ஹிந்திச் செய்தியை இமைக்காமல் பார்த்து, "பஞ்சாப் பக்கம் நல்ல மழையாம்" என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்வார். படம் நின்றுபோய் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை போட்டால், கால்மணி நேரம் அந்த அட்டையையும் அதே மரியாதையோடு பார்ப்பார். யாராவது இருமினால், "சத்தம் போடாதீக" என்பார். மாமியார் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சாம்பார் ஊற்றுவாள். ஒருநாள் தட்டுக்கு வெளியே இன்பராஜின் தொடையில் ஊற்றினாள். அவன் அலறினான். "கத்தாதடா, செய்தி கேக்க வேணாமா?" என்று அவனைத்தான் வைதார்கள்.

முத்துலட்சுமிக்கு முகம் பார்ப்பது பழைய பழக்கம். அவள் அப்பா பால்பாண்டிக்குப் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின் மேல் டீக்கடை. உப்பு லோடும் கரி லோடும் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் டீ ஆறுகிற நேரத்தில், பாவாடை கட்டின அந்தப் பெண் அடுப்புக்கரியால் கடைச் சுவரில் அவர்களை வரைந்துவிடுவாள். மீசைக்காரனுக்கு மீசை லாரியை விட நீளம். தூங்குமூஞ்சி டிரைவருக்கு இமை மேல் இரண்டு மூட்டை சிமெண்டு. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து இன்னொரு டீ சொல்வார்கள். அதனால் பால்பாண்டி சுவரை அழிக்கச் சொன்னதில்லை. தீபாவளிக்கு அவரே வெள்ளையடித்துக் கொடுத்து, "அடுத்த வருசத்துக்கு வரஞ்சுக்க தாயி" என்பார்.

கல்யாணம் ஆகி அருப்புக்கோட்டைக்கு வந்த பிறகு ஆறு வருஷம் அந்தக் கை சும்மா இருந்தது. பெட்டி வந்த பிறகுதான் அதற்கு வேலை வந்தது. டிவி ஓடுகிற நேரத்தில் அந்த வீட்டில் அவளை ஒருவரும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் கேட்பதில்லை. காப்பி கேட்பதில்லை. வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு, கிழித்த நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, மளிகைக் கணக்கு எழுதும் பேனாவால் வரையத் தொடங்கினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியில் விளம்பரம் வந்தால் மட்டும் தாளை முறத்துக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

தாள்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்ந்தன. காலேஜில் படித்துக்கொண்டிருந்த கனகலட்சுமி ஒருநாள் தீப்பெட்டி தேடும்போது கட்டோடு எடுத்துவிட்டாள். அடுப்படியில் நின்றபடியே ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தாள். நாலாவது தாளில் சிரிப்பு நின்றது.

"மதினி, வாயில ஈ போறது தெரியாம படுத்திருக்காளே, இது யாரு? நானா?"

முத்துலட்சுமி தாள்களைப் பிடுங்கக் கை நீட்டினாள். "அய்யையோ, மாமாகிட்ட சொல்லிராத தாயி. இப்பவே அடுப்புல போட்டுர்றேன்."

"அடுப்புலயா?" கனகலட்சுமி தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எங்க அப்பா வாரா வாரம் ஒரு புஸ்தகம் வாங்குறாகல்ல, அதுல வாசகர் கார்ட்டூன்னு ஒரு மூலை இருக்கு. அதுக்கு அனுப்பப் போறேன். என்னைய விட்டுட்டு மத்ததை."

சென்னையிலிருந்து வருகிற அந்த வார இதழுக்கு மூன்று தாள்கள் போயின. வீட்டு விலாசம் போட்டால் தபால்காரர் பதிலைக் கடையில் கொடுத்துவிடுவார் என்று, 'முத்து, பால்பாண்டி டீக்கடை, பந்தல்குடி' என்று எழுதினாள் கனகலட்சுமி. ஒரு மாதத்தில் பதில் வந்தது. நாள்காட்டித் தாளில் வேண்டாம், வெள்ளை அட்டையில் கருப்பு மையால் வரைந்து அனுப்புங்கள் என்று ஆசிரியர் தம் கைப்பட எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: 'சாம்பார் படம் பார்த்து அலுவலகமே சிரித்தது.' முத்துலட்சுமி அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆவணியில் முதல் படம் 'முத்து, பந்தல்குடி' என்ற பெயரோடு அச்சாகி வந்தது. ராமசுப்பு அண்ணாச்சி கடையில் இதழை விரித்தவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து, "பாரு தங்கம், ஒருத்தி சோத்துல ஊத்த வேண்டிய சாம்பாரைப் புள்ள மடியில ஊத்துறா! இப்படியுமா ஒரு கூறு கெட்ட குடும்பம் இருக்கும்?" என்றார்.

தங்கபுஷ்பம் படத்தை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "டிவின்னா அப்படியா ஒரு கிறுக்கு? வயசான பொம்பளைக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பரிமாறிக்கொண்டிருந்த முத்துலட்சுமி சாம்பார் வாளியைச் சட்டென்று கீழே வைத்தாள். கனகலட்சுமி தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம் மாதம் இரண்டு படமாவது வரும். பாலவனத்தத்திலிருந்து ராமசுப்புவின் சித்தப்பா மகன் ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. "உக்காருப்பா, மறைக்காம உக்காரு" என்றார்கள். மனுஷன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பத்திரிகையை டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கல்யாணம் முடிந்து எட்டு நாள் கழித்துத்தான் பூத்துணியை உதறும்போது அது கீழே விழுந்தது. அதையும் வரைந்தாள். விருந்தாளி பத்திரிகையைத் திரையிலேயே ஒட்டுகிறார். குடும்பமே கத்துகிறது: 'கல்யாணத்தை அப்புறம் வச்சுக்கலாம், கையை எடுங்க!'

அண்ணாச்சிக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. முத்து என்கிறவன் படம் எது வந்தாலும் கத்தரித்துக் கடைச் சுவரில் கஞ்சிப் பசையால் ஒட்டினார். குடம் வாங்க வருகிறவர்களிடம், "நம்ம பந்தல்குடிக்காரப் பய. மகா குசும்பன்" என்று காட்டினார். ஏழெட்டு மாதம் போயும், தம் வீட்டைத்தான் தினம் பத்துப் பேருக்குக் காட்டுகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது சித்திரையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று வீசியதில் ஆண்டெனா திரும்பிக்கொண்டது. நல்ல படம். தெருவே கூடத்தில் கூடியிருந்தது. அண்ணாச்சி மாடிக்கு ஏறி ஆண்டெனாவைத் திருப்பினார். கையை வைத்திருந்தால் படம் தெளிவாகத் தெரிந்தது, எடுத்தால் புள்ளி புள்ளியாகப் போனது. "ஆங், அப்படியே நில்லுங்க, இப்பத் தெரியுது!" என்று கீழேயிருந்து ஏககாலத்தில் கத்தினார்கள். சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடித்தது. தலையில் துண்டைக் கட்டி, ஒரு கையில் குடை பிடித்து, மறு கையில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு, இடைவேளை வரைக்கும் ராமசுப்பு அண்ணாச்சி மொட்டை மாடியில் நின்றார். அவர் பார்க்காத படத்தைத் தெருவே பார்த்தது. தெருவில் போனவர்களோ அவரைப் பார்த்தார்கள்.

அந்தக் காட்சி முத்துலட்சுமியைத் தூங்கவிடவில்லை. வேண்டாம், இது நேரே மாமாதான் என்று இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் வரைந்தாள். மாடியில் பெரியவர் ஒற்றைக்காலில் தவசி மாதிரி நிற்கிறார். கீழேயிருந்து குரல் வருகிறது: 'அப்படியே நில்லுங்கப்பா, அடுத்த வாரமும் நல்ல படம்!'

இரண்டு வாரத்தில் படம் வந்தது. உள்மூலையில் அல்ல, ஒரு பக்கம் முழுக்க.

கடையில் அண்ணாச்சி வழக்கம்போலச் சிரிக்க வாயைத் திறந்தார். திருச்சுழியிலிருந்து மகளுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நீங்கல்ல?" என்றார்.

"நானா?"

"அந்தத் துண்டு, குடை, முன்பல்லு. ரெண்டு மூணு வாரத்துக்கு முந்தி பஸ்ஸுக்குப் போகையில உங்களை இப்படியே மாடியில பாத்தேனே. என்னமோ வேண்டுதல்னு நெனச்சேன்."

கடைப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் தாமே ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாம்பார் ஊற்றுகிறவள் மூக்குத்தி அவருக்குத் தெரிந்த மூக்குத்தி. பத்திரிகை ஒட்டுகிற விருந்தாளிக்குப் பாலவனத்தத்துக்காரர் காது. பெட்டிக்கு முன்னால் ஒரு சின்னப் பெண்ணின் பின்னந்தலை, இரட்டைச் சடை, சுவாதியேதான். எத்தனை மாதம்! எத்தனை பேரிடம் காட்டியிருப்பார்! அவர் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு செருப்பைக்கூட மாட்டாமல் கடையை விட்டு இறங்கினார்.

வரையத் தெரிந்தவன் அந்தத் தெருவில் ஒரே ஆள்தான். எதிர்வீட்டுச் சின்னத்துரை. கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைக்கிறவர். அவர் வீட்டு ஜன்னலும் அண்ணாச்சி வீட்டுக் கூடமும் நேருக்கு நேர். ஞாயிறு தவறாமல் படம் பார்க்க வருகிறவர் வேறு.

சின்னத்துரை வாசலில் வெள்ளை பூசின போர்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கருப்புப் பெயிண்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். எதிரே வந்து நின்றவரின் கோலத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"என் வீட்டுல உக்காந்து ஓசியில படம் பாத்துட்டு, என்னையவே படம் போட்டு ஊரு சிரிக்க வச்சிருக்கியேய்யா!"

"என்ன அண்ணாச்சி சொல்லுறீக? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே."

"வெளங்காதா? பந்தல்குடி முத்துன்னு பொய்ப் பேருல ஒளிஞ்சுக்கிட்டா எனக்குத் தெரியாதா? என் பொஞ்சாதியையுமா வரைவ? பஜார்ல ஒரு கடை விடாம சொல்லுறேன். இனிமே உனக்கு ஒருத்தன் ஒரு போர்டு தர மாட்டான். நீ எப்படிப் பிழைக்கிறன்னு பாக்குறேன்."

தெரு கூடிவிட்டது. சின்னத்துரையின் மனைவி, "புள்ளைக மேல சத்தியமா அவுகளுக்குத் தெரியாது அண்ணாச்சி" என்று அழத் தொடங்கினாள். அண்ணாச்சி காதில் எதுவும் ஏறவில்லை. அவர் ஒரு சொல் சொன்னால் பஜார் கேட்கும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

முத்துலட்சுமி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கனகலட்சுமி அவள் கையைப் பிடித்து, "வேணாம் மதினி, அப்பா தணிஞ்ச பிறகு நான் மெதுவாச் சொல்லுறேன்" என்றாள். தணிகிறவரை பொறுக்கலாம்தான். ஆனால் அதற்குள் பஜாருக்குச் சொல் போய்விடும். எதிரே அழுகிறவளைப் பார்த்தாள். தன் படத்தைப் பார்த்து யாரும் அழுவார்கள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கையை உருவிக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

"மாமா, அவுக இல்ல. நாந்தான் வரஞ்சேன்."

அண்ணாச்சி திரும்பினார். "என்னம்மா சொல்லுற?"

"எல்லாப் படமும் நான் வரஞ்சது மாமா. முத்துங்கிறது நாந்தான். சின்னத்துரை அண்ணனை விட்டுருங்க."

அவர் நம்பவில்லை. "அடுத்தவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத. நீ வெங்காயம் உரிக்கிற பிள்ளை, உனக்கு என்ன படம் தெரியும்? வீட்டுக்குள்ள போ."

அந்தச் சொல் அவளை என்னமோ செய்தது. பயம் போய்விட்டது. குனிந்து சின்னத்துரையின் கையிலிருந்த பெயிண்டு டப்பாவையும் கீழே கிடந்த பிரஷ்ஷையும் எடுத்தாள். சுவரில் சாய்ந்திருந்த வெள்ளைப் போர்டு ஒன்றின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வளைவு, தொப்பை. இரண்டு கோடு, வெறுங்கால். உயர்த்தின கையில் சுருட்டின புத்தகம், வாள் மாதிரி. எதிரே, போர்டு எழுதுகிற ஏணியின் உச்சிப் படியைக் கட்டிக்கொண்டு தொங்குகிற ஒல்லி மனிதர். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வரைந்து முடித்து, வழிந்த பெயிண்டை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

முதலில் பேசியது சின்னத்துரைதான். ஆபத்தை மறந்து போர்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணாச்சி, நான் இருபது வருசமா பிரஷ்ஷைப் பிடிக்கேன். இந்தக் கோடு எனக்கு வராது" என்றார்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ராமசுப்பு அண்ணாச்சி சிரிக்கவில்லை. போர்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். நேரே வீட்டுக்குள் போய் டிவியின் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. "குடும்ப மானத்தைச் சந்தியில வச்சுட்டியே" என்று தங்கபுஷ்பம் புலம்பினாள். ராத்திரி இன்பராஜ், "ஊருக்கே சொன்ன. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான்.

"எத்தனை தடவை வந்தேன். மொதப் படம் வந்த அன்னைக்கே வந்தேன்" என்றாள் முத்துலட்சுமி. "விளம்பரம் வரட்டும், அப்பச் சொல்லுன்னீங்க. விளம்பரம் வந்துச்சு. இதையும் பாத்துக்கிருவோம்னீங்க."

இன்பராஜ் எழுந்து விளக்கைப் போட்டான். "அந்தப் புஸ்தகமெல்லாம் எங்க இருக்கு? எடு, பாப்போம்" என்றான். தன் படங்களையெல்லாம் அவன் ஒன்றுவிடாமல் பார்ப்பதை, பார்த்துச் சிரிப்பதை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

மாமனார் மட்டும் மூன்று நாள் பேசவில்லை. பெட்டியும் திறக்கவில்லை. வழக்கமான நேரம் வந்தால் தங்கபுஷ்பம் பூட்டின கதவுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வாள். முத்துலட்சுமிக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் பந்தல்குடி பஸ்ஸில் வந்து இறங்கினார் பால்பாண்டி. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முகமெல்லாம் பல்லாக நேரே பாத்திரக் கடைக்குள் நுழைந்தார்.

"சம்பந்தி, கடிதாசி வந்திருக்கு. நம்ம முத்துவுக்குப் பரிசாம்! வீட்டுக்குப் போகலாம்னுதான் பாத்தேன். நீங்க அவ படத்தையெல்லாம் கடையில ஒட்டி வச்சிருக்கீகன்னு எம் மக சொல்லிச்சு. மொதல்ல உங்ககிட்டக் காட்டுறதுதான முறை?"

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். ஒட்டின படங்களைக் கிழிக்க வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்தும் கிழிக்காமலே விட்டிருந்தார். கடிதத்தை வாங்கினார். அந்த வருஷம் வந்த வாசகர் படங்களில் ஆண்டெனா படத்துக்கு முதல் பரிசு. வரும் ஞாயிற்றுக்கிழமை மதுரையில் வாசகர் விழா. முத்துவின் படங்களைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள். குடும்பத்தோடு வர வேண்டும். அதற்குக் கீழே ஆசிரியர் எழுதியிருந்தார்: 'மாடியில் நிற்கும் அந்தப் பெரியவரை, படம் அச்சுக்குப் போகும் முன்பே அலுவலகத்தில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் அப்பா இப்படித்தான், எங்களுக்காக வெயிலில் நிற்பார் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். உங்கள் கேலியில் பிரியம் இருக்கிறது.'

அண்ணாச்சி அந்த இடத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பால்பாண்டியை நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி வாங்கி வரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் வீட்டுக்கு நடந்தார். போகிற வழியில் சின்னத்துரை வாசலில் நின்றார்.

"சின்னத்துரை, அன்னைக்கு நான் பேசினது தப்புப்பா. மனசுல வச்சுக்காத. நம்ம கடைப் போர்டு மங்கிப்போச்சு. புதுசா எழுதணும், என்னைக்கு வார?"

அடுப்படி வாசலில் அவர் நிழல் விழுந்ததும் முத்துலட்சுமி எழுந்து நின்றாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"பெட்டிப் பக்கத்துல உக்காந்து எங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா அத்தனை நாளும்?"

"ஆமா மாமா."

"குடை சரி. துண்டும் சரி. பல்லுகூடச் சரின்னே வையி. ஆனா அன்னைக்கு நான் ரெண்டு காலுலயுந்தான் நின்னேன். ஒத்தக்கால்னு போட்டிருக்க. தளம் என்னமாச் சுட்டுச்சு தெரியுமா? நான் காலை மாத்தி மாத்தித்தான் வச்சேன்."

"அப்ப ஒத்தக்கால்தான மாமா?"

அவர் யோசித்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. அதற்குள் கூடத்திலிருந்து தங்கபுஷ்பம், "என்ன, என்ன சொல்லுறா?" என்று ஓடிவந்தாள். "உன் மருமகளுக்குப் பரிசு தாராகளாம்" என்று கடிதத்தை அவள் கையில் கொடுத்தார் அண்ணாச்சி. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் மதுரைக்குப் போறோம்."

"ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு நல்ல படம்னு போட்டிருக்கானே."

"போட்டா அவனே பாக்கட்டும்."

அப்படித்தான் பெட்டி வந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. படம் பார்க்க வந்த தெருக்காரர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். சின்னத்துரை திரும்பவில்லை. அவரும் மனைவியும் அதே மதுரை பஸ்ஸில் பின் ஸீட்டில் இருந்தார்கள்.

மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு அவள் படங்கள் மாட்டியிருந்தன. வெங்காய வாசனையோடு முறத்துக்கு அடியில் கிடந்த கோடுகள் இவ்வளவு பெரிதாகுமா என்று முத்துலட்சுமிக்கு மலைப்பாக இருந்தது. மற்றவர்களை முன்னால் போகவிட்டு அவள் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டாள். அவளை யாருக்கும் தெரியாது. ஆண்டெனா படத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அப்பாவின் தோளில் இருந்த பிள்ளை கை நீட்டிக் கெக்கலி கொட்டியது. "உங்களை மாதிரியே இருக்குங்க" என்று மனைவி சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாம்பார் படத்துக்கு முன்னால் நாலு காலேஜ் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். இத்தனை நாளும் அவள் படத்துக்கு யாரோ எங்கோ சிரிக்கிறார்கள் என்று கடிதத்தில்தான் படித்திருந்தாள். இப்போது அந்தச் சிரிப்பு அவள் காதில் விழுந்தது. கூரை முட்டுகிற சிரிப்பு.

கொஞ்சம் தள்ளிக் கூட்டம் கூடியிருந்தது. ராமசுப்பு அண்ணாச்சி தம் படத்துக்குக் கீழே நின்று, தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்காட்டி, "நாந்தேன் அது. இடைவேளை வரைக்கும் நின்னேன், தெரியுமா? வரஞ்சது என் மருமக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முத்து என்ற பெயருக்கு மீசை வைத்த ஆளை எதிர்பார்த்த ஆசிரியர், சுங்கடிச் சேலை கட்டின பெண் படியேறி வருவதைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். பரிசைக் கொடுத்துவிட்டு, "அம்மா, இனிமேல் வாரம் ஒரு பக்கம் உங்களுக்கு. இந்த டிவி குடும்பத்தைத் தொடர்ந்து வரைவீர்களா?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

முத்துலட்சுமி தன் ஆட்களைத் தேடினாள். கீழே முன்வரிசையில் தங்கபுஷ்பம், 'சரின்னு சொல்லு' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வரைவேங்க" என்றாள் முத்துலட்சுமி. "ஆனா டிவி மட்டும்னா வேணாம். எங்க ஊர்ல பாக்குறதுக்கு நிறைய இருக்கு. குழாயடி இருக்கு, பஸ் ஸ்டாண்டு இருக்கு. கண்ணுல படுறது எதுவானாலும் வரைவேன். பேரு முத்துலட்சுமின்னு முழுசாப் போடணும்."

மண்டபம் கைதட்டியது. எல்லாருக்கும் முந்தித் தட்டத் தொடங்கியவன் இன்பராஜ்.

அடுத்த வாரம் அவன் ஆசாரியைக் கூட்டிவந்து ஜன்னல் ஓரத்தில் சாய்வு மேஜை ஒன்று போட்டுக் கொடுத்தான். வெங்காயம் உரிக்கிற வேலையைத் தங்கபுஷ்பம் தானாகவே எடுத்துக்கொண்டாள். ஆடி பிறந்ததும் முத்துலட்சுமியின் பெயர் போட்ட முதல் பக்கம் வந்தது. அருப்புக்கோட்டைக் குழாயடி. எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீருக்கு ஆள் நிற்பதற்குப் பதில் குடங்களே வரிசையில் நின்று சண்டை போடுகிற படம். இதழ் ஊரில் ஒரு பிரதி மிச்சமில்லாமல் விற்றது. நகராட்சியில்கூட யாரோ அதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பதாகக் கனகலட்சுமி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு முத்துலட்சுமி குடத்தோடு குழாயடிக்குப் போனால், தலைவிரி கோலமாகக் கத்திக்கொண்டிருக்கிறவர்கள் சட்டென்று சண்டையை நிறுத்தி முடியை அள்ளிச் செருகிக்கொள்வார்கள். "ஏத்தா, அவ வாரா, நல்லா நில்லு" என்று ஒருத்தி இன்னொருத்தியின் முந்தானையைச் சரிசெய்வாள். "என்னைய எப்ப மதினி வரைவீக?" என்று நாலு பேர் கேட்பார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு அடுத்த வாரத்துப் பக்கம் நிறைந்துகொண்டே வரும்.